மலையடி அறை

புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில், துணி தோய்க்கிற கடையில்தான் அந்த அம்மாவைச் சந்தித்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அறுபது வயதிருக்கும். கத்தரிப்பூ நிறக் கம்பளித் தொப்பி போட்டிருந்தார். கைபேசியில் ஒவ்வொரு விடுதி அறையின் படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார். பிறகு அங்கேயே படுத்துப் பார்ப்பவர்போலக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வார்.

நான் தமிழ் என்று தெரிந்ததும் கைபேசியை நீட்டினார். நீலக் கடலுக்குள் ஒரு சின்னத் தீவு. அதன் நடுவில் மெல்லப் புகைவிடும் எரிமலை.

"பிள்ளை, தனியப் போறன். துறைமுகத்தடியில ஒரு அறை கிடக்கு. மலையடியில, கறுப்பு மணல் கரையில இன்னொண்டு. எதை எடுக்கிறது?"

"துறைமுகம்தான் நல்லம், அன்ரி. மலை குமுறினா உடன கப்பல் ஏறலாம்."

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"ஓம். சண்டைக்குள்ள இருந்த காலம் முழுக்க அப்பிடித்தான் வீடு பாத்தனான், எந்தப் பக்கத்தால ஓடலாமெண்டு. இஞ்ச வந்தும் வாசலுக்குக் கிட்டத்தான் படுக்கிறனான். ஒருக்காலாவது ஓடுற வழியைப் பாக்காம ஜன்னலைப் பாத்து எடுப்பமே?"

மலையடி அறையைப் பதிவு செய்தார். சூடு ஆறாத துணிகளை அள்ளிக்கொண்டு, "வாறன் பிள்ளை" என்று போய்விட்டார். பேர்கூட நான் கேட்கவில்லை. அந்த ஜன்னலடியில் அவருக்கு நல்ல நித்திரை வந்திருக்குமா என்று இப்போதும் சிலவேளை நினைத்துக்கொள்வேன்.