நாலுகால் டீச்சர்

கல்லூரியில் அவளுக்கு நாலுகால் என்று பெயர் வைத்தவர்கள் கூடைப்பந்து அணிக்காரிகள். காலையில் கூடைப்பந்து, மாலையில் ஹாக்கி, இடையில் உயரம் தாண்டுதல், ஆள் குறைந்தால் தொடர் ஓட்டம். இரண்டு கால் வைத்திருக்கிற பெண் செய்கிற வேலையா இது என்று கேலி. அவளும் சேர்ந்து சிரிப்பாள். உன் ஆட்டம் எது என்று யாராவது கேட்டால்தான் முழிப்பாள்.

இறுதி ஆண்டுப் போட்டியில் அந்தக் கேள்வியே எதிரில் வந்து நின்றது. உயரம் தாண்டுதலும் தொடர் ஓட்டமும் ஒரே நேரத்தில். அப்படி வந்தால் நடுவரிடம் சொல்லிவிட்டுப் போகலாம். விட்ட உயரத்தைத் தாண்டாமலே அடுத்ததில் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் ஏற்றிய கம்பியை யாருக்காகவும் இறக்க மாட்டார்கள். "இது வேண்டாம் சார், அடுத்ததுல வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். ஓட்டத்தில் கண் உயரம் தாண்டும் மெத்தைப் பக்கமே போனதில், முன்னால் ஓடியவள் நீட்டிய குச்சி கைநழுவியது. மூச்சிரைக்கத் திரும்பி வந்தால், கம்பி அவள் கனவில்கூடத் தாண்டாத உயரத்தில். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே, நாலு கால் இருந்தும் அதே கதிதான்.

பிறகு ஆசிரியை ஆனாள். அங்கேயாவது ஒன்றில் நின்றாளா? பள்ளியில் ஆள் பற்றாக்குறை. காலையில் மைதானம், பகலில் கணக்கு. கரும்பலகை முன்னால் விசில் ஊதியிருக்கிறாள். பந்து எறியும் கோணத்தை மணலில் வரைந்து, ஓர் அணியையே கொட்டாவி விட வைத்திருக்கிறாள். வருடக்கணக்காக இப்படியே ஓடியது; சந்தோஷமாகத்தான் ஓடியது.

போன மாதம் தலைமையாசிரியை கூப்பிட்டார். பள்ளி பெரிதாகிவிட்டது, இனி ஒருவருக்கு ஒரு வேலைதான். கணக்கா மைதானமா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். விட்டது திரும்பி வராது.

நாலுகாலுக்குத் தலை சுற்றியது. கணக்கு என்று முடிவுகட்டிப் படுத்தவள் மைதானம் என்று எழுந்தாள். பல் தேய்ப்பதற்குள் மறுபடி கணக்கு. மருந்துக்கடை வைத்திருக்கும் கணவர், எது பிடிக்கும் என்று கேட்டார். இரண்டும் என்றாள். எது நன்றாக வரும் என்றார். அதுதான் தெரியவில்லை என்று அழுதே விட்டாள். இதற்கு மருந்து தன் கடையில் இல்லை என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை அவள் முகத்தைப் பார்த்துத் தலைமையாசிரியைக்கே பாவமாகிவிட்டது போல.

"அவசரமில்ல. இப்போதைக்கு விட்டுடுங்க, அடுத்த மாசம் சொல்லலாம்."

சரி என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அன்றைக்கு நடுவரும் இப்படித்தான் அன்பாகத் தலையாட்டி அனுப்பினார்.

"வேண்டாம் மேடம். மைதானம்."

மாலையில் சாக்பீஸ் பெட்டியை இன்னொரு கணக்கு ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். இப்போது நிம்மதிதானே என்று கணவர் கேட்டார்.

"தெரியலங்க. குதிச்சுட்டேன். கம்பி விழுந்துச்சான்னு இன்னும் திரும்பிப் பார்க்கல."