செத்த ராசாவிடம் பெண் கேட்டல்

லண்டனில் குரொய்டன் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வரலாறு படிப்பிக்கிறேன். பழைய மெக்சிகோவின் அஸ்டெக் பாடம் வந்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கோயில் உச்சியில் நெஞ்சைப் பிளந்து சூரியனுக்கு இதயம் கொடுத்த கதையென்றால் பின்வரிசை வாங்கில் தூங்குகிறவனும் நிமிர்ந்து உட்காருவான். அடுத்து வரும் தென்னமெரிக்க இன்கா பாடத்தில் இரத்தம் குறைவு என்று அவர்களுக்குக் குறை. எனக்கோ அந்தப் பாடத்தில்தான் வயிறு எரியும்.

இன்கா ராசா செத்தால் மகனுக்குப் பதவி மட்டும்தான் போகும். மாளிகை, வயல், வேலையாட்கள் எல்லாம் செத்தவருக்கே சொந்தம். உடலைப் பதப்படுத்தி, நல்ல உடுப்புப் போட்டு, இருந்த இடத்திலேயே இருத்திவைப்பார்கள். சோளக் கள் படைப்பார்கள், ஈ ஓட்டுவார்கள், திருவிழாவுக்குக் கூஸ்கோ நகரத்துச் சதுக்கத்துக்குத் தூக்கி வருவார்கள். புது ராசாவுக்குச் சொத்து வேண்டுமென்றால் போய் வேறு நாடு பிடிக்கவேண்டியதுதான். அந்தப் பேரரசு அவ்வளவு பெருத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பார்கள். செத்தவருக்காக வாய் திறந்து பேசவும் ஒரு ஆள் இருந்தார் என்று சொன்னபோது ஒரு பெண்பிள்ளை கை உயர்த்தி, அந்த ஆள் தன் இஷ்டத்துக்கு எதையும் சொல்லலாமே மிஸ் என்றாள். சொல்லலாம்தான் என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

எங்கள் வீட்டில் அந்த ஆள் அண்ணை.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. என்னோடு கணிதம் படிப்பித்த மன்னார்க்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்ய நினைத்திருந்தேன். கத்தோலிக்கர், எங்கள் வீட்டுப் பேச்சில் வேதக்காரர். நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம், அதுவும் மச்சம் மாமிசத்தை மறைத்துச் சாப்பிடுகிற சைவம். அவர் பள்ளி முடிந்த கையோடு டிராமில் வந்து அப்பாவுக்குச் சேவ் எடுத்துவிடுவார். யார், என்ன மதம் என்று அப்பாவுக்கு எல்லாம் தெரியும். ஒருநாள் அவர் தண்ணீரை ஊற்றப் போனபிறகு அப்பா என் கையைப் பிடித்தார்.

"நல்ல பொடியன். உன்னை அழவிடமாட்டான்," என்றார்.

அறையில் வேறு யாரும் இல்லை. அப்பா வீட்டுக்கு வந்ததும் எல்லோரிடமும் அவர் வாயாலேயே சொல்லவைக்கலாம் என்று இருந்தேன். அவர் வீட்டுக்கு வரவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தபின் எங்கள் தோர்ண்டன் ஹீத் வீட்டு முன்னறையில் விஷயத்தைச் சொன்னேன். அண்ணை என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாலையோடு இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு, "அப்பா இருந்திருந்தா வேதக்காரனுக்கு ஓம் எண்டிருக்க மாட்டார்," என்றார். அப்பாவே என்னிடம் சொன்னார் என்றேன். மோர்பின் ஊசியில் கிடந்த மனுசன் எதையும் சொல்லியிருப்பார் என்று அதையும் தள்ளிவிட்டார். அம்மா படத்தைப் பார்த்து அழுதா. அதோடு தீர்ப்பு முடிந்தது.

லண்டனில் சொந்தக் காலில் நிற்கிறவள் ஏன் கேட்டாய் என்று சிநேகிதிகள் கேட்பார்கள். அண்ணையை எதிர்க்க எனக்கு ஏலும். சின்ன வயதிலிருந்து அதைத்தானே செய்துவந்தேன். ஆனால் அவர் தன் பேரில் பேசவில்லையே. ஒவ்வொரு முறை வாய் திறந்தபோதும் அப்பாவோடு சண்டை பிடிக்கிறாய் என்றார்கள். செத்தவரோடு சண்டை பிடித்து யார் வென்றிருக்கிறார்கள்? மன்னார்க்காரர் மூன்று வருடம் பொறுத்தார். பிறகு பள்ளியை மாற்றிக்கொண்டு விம்பிள்டன் பக்கம் போனார், கல்யாணம் செய்தார். அவரில் பிழை சொல்லமாட்டேன். எனக்குத்தான் பிறகு வேறு யாரையும் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான், பாடத்துக்காக வாசித்தபோது, ஒரு ஸ்பானியச் சிப்பாயின் கதை கண்ணில் பட்டது. யாருக்கோ ஒரு பெண்ணைக் கேட்கப் போனவனை, செத்த ராசா ஒருவரின் உடலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்களாம். கேட்டானாம். ராசாவுக்காகப் பேசுகிறவர்கள் அவருக்குச் சம்மதம் என்று சொன்னார்களாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று நாங்கள் சொல்வோம். அங்கே பூசாரியும் கொடுத்திருக்கிறான். புத்தகத்தை மூடிவிட்டு ஆசிரியர் அறையில் இருந்து அழுதேன். ஒவ்வாமை என்று சொல்லிச் சமாளித்தேன்.

போன வருடம் அண்ணையின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஐரிஷ் கத்தோலிக்கர், அருமையான பிள்ளை. ஆர்ச்வே முருகன் கோயிலில் தாலி, அடுத்த நாள் தேவாலயத்தில் மோதிரம். பிள்ளைக்குச் சேலை உடுத்திவிட்டதே நான்தான். அவளில் எனக்கு ஒரு எரிச்சலும் இல்லை. விருந்து மண்டபத்தில் அப்பாவின் படத்தைப் பெரிதாக்கி, ரோசா மாலை போட்டு, மேடையில் வைத்திருந்தார்கள். அண்ணை மைக்கைப் பிடித்து, இன்றைக்கு அப்பா இருந்திருந்தால் எல்லோரையும்விடச் சந்தோஷப்பட்டிருப்பார் என்றார். சனம் கைதட்டியது. அம்மா கண்ணைத் துடைத்தா.

சாப்பாட்டு மேசைகளுக்குப் பக்கத்தில் அவரைத் தனியே பிடித்தேன். "அப்பா எப்ப அண்ணை வேதக்காரருக்கு ஓம் எண்டவர்?" என்று கேட்டேன்.

அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் மாறியது என்று சொல்ல ஆசைதான், மாறவில்லை. என் தோளில் கையை வைத்து, "அது அப்ப. இப்ப காலம் மாறிப்போச்சு, தங்கச்சி," என்றார்.

உண்மைதான், மாறித்தான் போனது. அது மாறியபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது.