சமையலறை நடுவே ஒரு மேடை

நீளம் நூற்றிருபது சென்டிமீட்டர், அகலம் அறுபது, உயரம் எண்பத்தாறு. ஓய்வுபெற்ற அந்த லிஃப்ட் மெக்கானிக் அறுபத்துமூன்று வயதில் தன் கையால் செய்த முதல் மரச்சாமான் இதுதான். வேலை பார்த்த இடத்தில் அவருக்கு 'மில்லிமீட்டர்' என்று பட்டப்பெயர். லிஃப்ட் தரைக்குச் சமமாக வந்து நிற்காவிட்டால் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

மனைவிக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. இடது கண் ஏற்கெனவே இல்லை. வலது கண்ணும் இந்த வருஷத்தைத் தாண்டாது என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். அவள் ஒரே விஷயத்தில்தான் பிடிவாதம் பிடித்தாள்: "கண்ணு போனாலும் என் அடுப்பை யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்."

அதற்குத்தான் இந்த மேடை. மேலே நறுக்க இடம், கீழே பாத்திரம் வைக்க மூன்று அடுக்கு. நின்ற இடத்திலேயே எல்லாம் கைக்கெட்டும்.

பின்னறையில் நான்கு மாதம் போனது. அதற்குள் அவள் வலது கண்ணிலும் மங்கலான வெளிச்சம் மட்டுமே மிஞ்சியது. பழைய கதவுகளை இழைத்தார், பசைபோட்டு இறுக்கினார். அவள் இடித்துக்கொள்ளக் கூடாதென்று மூலைகளை மழுக்கினார். ஐந்து பூச்சு வார்னிஷ் அடித்தார். கடைசிப் பூச்சில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டதால் தேய்த்துவிட்டு ஆறாவதும் அடித்தார்.

"மாமா, இத்தனை நாள்ல ஒரு வீடே கட்டியிருக்கலாம்," என்றான் தூக்க வந்த மச்சினன்.

"வீடு கோணலா இருந்தா பரவாயில்லடா."

சமையலறை நடுவில் நிறுத்தி, தரையோடு போல்ட் போட்டு முடுக்கினார்கள். அவள் மேல்பலகையைத் தடவிப் பார்த்தாள். "வழுவழுன்னு இருக்குங்க. உங்க கன்னத்துக்கு எவ்வளவோ தேவலை." அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

மறுநாள் மதியம், வெந்த உருளைக்கிழங்குப் பாத்திரத்தோடு அடுப்பிலிருந்து பாத்திரம் கழுவும் தொட்டிக்குத் திரும்பினாள். முப்பது வருஷமாகக் குறுக்கே போன கால் அன்றும் குறுக்கேதான் போனது. இடுப்பில் மேடை இடித்தது. கொதிநீர் பாதத்தில் கொட்டியது.

அவள் இடுப்பு உயரத்தை அளந்திருந்தார், கை நீளத்தை அளந்திருந்தார். அவள் நடக்கிற வழியை அளக்கத் தோன்றவே இல்லை.

கொப்புளம் அடங்கிய பிறகு சமையலறை வாசல்வரை வந்து நின்றாள்.

"அது அங்கதான் இருக்கா?"

"அது எங்கம்மா போகும்?"

"நான் எங்க நிக்கிறேன்னு தெரியல. அதான் கேட்டேன்."

பத்து நாள் இப்படியே கேட்டாள். பதினோராம் நாள் மச்சினனைக் கூப்பிட்டு, போல்ட்டைக் கழற்றி, மேடையைப் பின்னறைக்கே கொண்டுபோனார்.

"எடுத்தாச்சு. அடுப்பும் பத்த வச்சிருக்கேன். நேரா வா," என்றார்.

வந்தாள். வெறும் தரையின் நடுவில் நின்றுவிட்டாள். ஒரு கையை நீட்டித் துழாவிக்கொண்டே, அங்கே இல்லாத ஒன்றைச் சுற்றிப் போகப் பார்த்தாள். சுற்றியதில் திசை தவறி, தொட்டி என்று நினைத்து ஃப்ரிட்ஜைத் தொட்டாள்.

"ஒண்ணுமே இல்லம்மா அங்க."

"இல்லன்னு உங்களுக்குத் தெரியுது. என் காலுக்குத் தெரியலையே."

கதவுநிலையைத் தேடிப் பிடித்து, முன்னறைக்குப் போய் உட்கார்ந்தாள். "அடுப்பை அணைச்சுடுங்க," என்று அங்கிருந்தே சொன்னாள்.

அடுத்த தெரு மெஸ்ஸில் சொல்லியாகிவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து மூன்று வேளையும் இரண்டு பேருக்குச் சாப்பாடு வரும்.