தேனுகா கேட்காத கேள்வி

புனிதம் வீட்டில் மீன் வெட்டுவது அவளுடைய கணவன் பேதுருதான். இதயத்தில் செயற்கை வால்வு வைத்த நாளிலிருந்து அவள் கத்தி தொடுவதில்லை. இரத்தம் உறையாமலிருக்கத் தினமும் குளிசை போடுகிறாள். சின்னக் கீறல் பட்டாலும் இரத்தம் லேசில் நிற்காது. முல்லைத்தீவுக் கரையோரத்தில் முன்பள்ளி ஆசிரியை. மாதம் தவறாமல் கிளினிக் போய் இரத்தம் சோதிப்பாள். பத்து வருடத்தில் ஒரு பிழையும் நடக்கவில்லை.

அந்த ஆப்பரேசனின்போது பதினொரு நாள் ஆஸ்பத்திரித் தரையில் பாய் விரித்துத் துணை கிடந்தவள் சிநேகிதி தேனுகா. அதற்குப் பிறகு தேனுகா எது சொன்னாலும் புனிதத்துக்கு மறுபேச்சில்லை.

போன மாரியில் புனிதத்துக்கு முழங்கால் வலி வந்தது. தேனுகா அப்போது மூலிகைக் குளிசை விற்கத் தொடங்கியிருந்தாள். தன் மருந்தோடு அது ஒத்துவருமா என்று புனிதம் பயந்தாள். தேனுகாவும் புனிதத்தின் கிளினிக் டொக்டரிடமே சலரோகத்துக்கு, அதுதான் சர்க்கரை வியாதிக்கு, காட்டுகிறவள். அடுத்த நாள் போகும்போது கேட்டு வருவதாகச் சொன்னாள்.

"கேட்டனான். பயமில்லை எண்டவர்," என்று போத்தலைக் கையில் வைத்தாள்.

அந்தக் குளிசை போடத் தொடங்கி மூன்றாம் கிழமையில், பல் தீட்டும்போது முரசிலிருந்து, பல்லீறிலிருந்து, இரத்தம் வந்தது. எங்கும் இடிபடாமலே தொடையில் நீலம் பாரித்த கண்டல். கெட்ட இரத்தம் போகிறது, நல்லதுதான் என்றாள் தேனுகா. புனிதம் அதையும் நம்பினாள். பிறகு மலம் தார்போலக் கறுத்துப் போனது. ஒருநாள் முன்பள்ளியிலேயே தலைசுற்றி விழுந்தாள்.

வயிற்றுக்குள் இரத்தம் கசிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, இரத்தம் ஏற்றினார்கள். அந்த மூலிகை அவளுடைய மருந்தின் வேகத்தைக் கூட்டிவிட்டது என்று அதே டொக்டர் விளக்கினார். தன்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்றார். யார் விற்றது என்றும் விசாரித்தார். புனிதம் பேரைச் சொல்லவில்லை. தேனுகா கேட்டதை டொக்டர் மறந்திருப்பார் என்று நினைத்தாள்.

பின்னேரம் தேனுகா தோடம்பழத்தோடு வந்தாள்.

"டொக்டரிட்ட என்ர பேரைச் சொல்லிப்போடாத."

"நீ அவரிட்டக் கேட்டனியோ?"

தேனுகா கட்டிலின் விளிம்பைப் பார்த்தாள். "அண்டைக்குச் சரியான சனம். கேக்கேல்ல. எல்லாருக்கும் ஒத்துவருகுது, உனக்கும் வரும் எண்டு நினைச்சன்."

முரசில் இரத்தம் வந்தபோதாவது சொல்லியிருக்கலாமே என்று புனிதத்துக்கு நெஞ்சு கொதித்தது.  மறுநாள் டொக்டரிடம் பேரைச் சொன்னாள். இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை போடும் இன்னும் இரண்டு பேர் அதே போத்தலை வாங்கியிருந்தது தெரியவந்தது. நல்ல வேளையாக அவர்கள் அதைப் போடுவதை நேரத்துக்கு நிறுத்திவிட்டார்கள்.

சிநேகிதியைக் காட்டிக் கொடுத்துவிட்டாள் என்று ஊரில் கதைத்தார்கள். தேனுகாவும் அப்படித்தான் சொல்லித் திரிந்தாள். 

இப்போது பேதுரு கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாலும், இதுக்குள்ள என்ன போட்டனீங்கள் என்று கேட்டுவிடுகிறாள். அவன் கோபிக்காமல் ஒவ்வொன்றாகச் சொல்கிறான். அவளுக்குத்தான் முகம் சுருங்கிப்போகிறது.