திரேசம்மா அன்ரியின் டிஷ்

கேபிளா, டிஷ்ஷா, இன்டர்நெட்டா... எதை எடுப்பது? இந்தப் பத்தியை வாசிப்பவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். தொலைத்தொடர்பு படித்ததால் வந்த வினை!

பதிலைப் பட்டியலாகவே வைத்திருக்கிறேன். மாதச் செலவு எவ்வளவு? மழைக்குப் படம் நிற்குமா? உப்புக்காற்றைத் தாங்குமா? பழுதானால் வந்து பார்க்க ஆள் உண்டா? நான்கிலும் எங்கள் மன்னார்த் தீவுப் பேசாலையில் கேபிள்தான் வெல்லும்.

போன வாரம் பக்கத்து வீட்டுத் திரேசம்மா அன்ரி கூப்பிட்டார். யுத்தம் முடிந்தபின் இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பியவர். வரும்போது அங்கே வாங்கிய டிஷ்ஷையும் கொண்டுவந்தார். ஒன்பது நாளாகப் படம் இல்லையாம்.

ஏணி வைத்து ஏறினேன். வயர் கொஞ்சம் துருப்பிடித்திருந்தது, ஆனால் சிக்னல் முழுதாக இருந்தது. இறங்கி வந்து பார்த்தால், ரிவி திரையில் இருந்த ஆங்கில வரிதான் காரணம் சொன்னது: இந்த மாதம் ரீசார்ஜ் இல்லை.

அன்ரிக்கு ஆங்கிலம் தெரியாது. நானும் வாசித்துக் காட்டவில்லை. இதைக் கழற்றிவிட்டு கேபிள் எடுக்கலாம், இன்டர்நெட்டும் சேர்ந்து வரும் என்று பட்டியலைத் தொடங்கினேன்.

"நான் கேபிள் எடுத்தா, அவன் ஆருக்குப் பிள்ளை காசு கட்டுறது?" என்றார்.

டிஷ் மகன் அருளின் பெயரில் இருக்கிறது. அருள் முகாமிலேயே நின்றுவிட்டான். கடலுக்குப் போன அப்பாவை நேவி சுட்டுக்கொன்ற ஊருக்கு அம்மா எப்படித் திரும்பலாம் என்று சண்டை. பேச்சு நின்றது, அவன் போன் நம்பரும் மாறியது. ஆனால் மாதம் தவறாமல் அங்கிருந்து ரீசார்ஜ் மட்டும் விழுந்தது. ஏழு வருடம்.

அன்ரி சீரியல் பார்ப்பதில்லை. படம் வருகிறதா என்று பார்ப்பார், சிலுவை போட்டுக்கொள்வார், ரிவியை நிறுத்திவிடுவார்.

"டிஷ்தானே பிள்ளை பழுது?"

"ஓம் அன்ரி... வயர் துருப்பிடிச்சுப் போச்சு. மாத்தித் தாறன்."

மன்னார் டவுனில் வயர் வாங்கினேன். அதே கடையில் இந்திய ரீசார்ஜும் செய்கிறார்கள். அன்ரியின் டிஷ் கார்ட் நம்பரை என் போனில் குறித்து வைத்திருந்தேன். ஐந்து நிமிட வேலை. படம் வந்துவிடும், அன்ரியும் நிம்மதியாகத் தூங்குவார்.

ஆனால் அந்தப் படம் யாருடைய சுகத்தைச் சொல்லும்?

வயரோடு மட்டும் திரும்பினேன். அன்ரியை உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ரிமோட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தெரியும் பிள்ளை. நீங்கள் ரிவியில அதை வாசிக்கேக்கையே முகம் சொல்லிப்போட்டுது. எண்டாலும் வயரை மாத்தி விடுங்கோ. அவன் கட்டுற நேரம் படம் வராமல் போயிடக் கூடாது."

மாற்றினேன். முகாமில் இருக்கும் உறவினர் ஒருவரை விசாரிக்கச் சொல்லியிருக்கிறோம். நேற்றுவரை பதிலும் இல்லை, படமும் இல்லை.

என் பட்டியலில் ஐந்தாவதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது, இப்போது அதைத்தான் முதலில் கேட்கிறேன்: உங்கள் டிஷ்ஷுக்குக் காசு கட்டுவது யார்?