அண்ணி வாக்களிக்கப் போன தீவு

எங்கள் வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொல்லாத இரண்டு சொற்களை அண்ணிதான் ஒரு ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் சொன்னார். ‘தனி நாடு.’ அண்ணன் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு நிமிர்ந்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அண்ணி சொன்னது எங்கள் ஊரைப் பற்றி அல்ல, தன் ஊரைப் பற்றி. கரீபியன் கடலில், பிரிட்டனின் ஆட்சிக்குக் கீழே இருக்கும் ஒரு சின்னத் தீவில் பிறந்தவர் அவர். அண்ணன் லண்டனுக்கு வந்த புதிதில் துப்புரவு வேலை செய்த ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்தார். அம்மா உயிரோடு இருந்தவரை லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் அவரோடு கதைத்துக் கதைத்தே யாழ்ப்பாணத் தமிழைப் பழகிக்கொண்டார். அண்ணனை ‘இஞ்சேருங்கோ’ என்றுதான் கூப்பிடுவார்.

அதற்கு முந்தின வருஷம் அடித்த புயல் அண்ணியின் அக்கா வீட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. பிரிட்டிஷ் கப்பல் ஒன்று தண்ணீரும் தார்ப்பாயும் கொண்டுவந்து இறக்கியது. ஆனால் வீடுகளைத் திருத்தக் கடன் வாங்குவதற்குத் தீவின் சபை லண்டன் அனுப்பிய கவர்னரின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அது வருவதற்குள் ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. தனி நாடாவதா, இப்படியே இருப்பதா என்று மக்களிடமே கேட்கப்போகிறார்கள் என்ற செய்தி பிறகுதான் வந்தது.

“கப்பல் வந்ததோ இல்லையோ?” என்றார் அண்ணன். “தனி நாடெண்டா ஆர் அனுப்புவான்?”

“வந்தது, ஓம். ஆனா கூரை போடுறதுக்கும் அந்த மனுசனைக் கேக்கவேணும். அவரை நாங்கள் தெரிவு செய்யேல்லை. இஞ்ச பாராளுமன்றத்தில எங்களுக்கு ஒரு கதிரைகூட இல்லை.”

“பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்குத்தானே? உம்மட அக்கான்ர பிள்ளையள் நாளைக்குப் படிக்க வாறதுக்கு விசாவுக்கு நிக்கவேணுமோ? நான் நிண்டனான். அது என்னெண்டு எனக்குத் தெரியும்.”

அது எனக்கும் தெரியும். அகதிக் கோரிக்கை முடிவாகாமல் கிடந்த வருஷங்களில் அண்ணன் குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போகும்போதெல்லாம் ஒரு மாற்றுச் சட்டையும் பல் துலக்கும் பிரஷும் வைத்த பையோடுதான் போவார். அங்கேயே பிடித்து வைத்தால் என்ன செய்வது என்ற பயம். அதற்கும் முன்னால், அந்த இரண்டு சொற்களை நம்பி யாழ்ப்பாணத்தில் அவருடைய வகுப்பில் இருந்து இயக்கத்துக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. ஒருவரையொருவர் பார்க்காமல் அண்ணனும் அண்ணியும் தட்டுகளைக் கழுவிய அந்த மதியம், இருவர் பக்கமும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

சில மாதங்களாவது தீவில் குடியிருந்தால்தான் வாக்களிக்கலாம் என்பது விதி. அண்ணி சம்பளமில்லாத லீவு எடுத்தார். “போம். நான் கொண்டுவந்து விடமாட்டன்” என்றார் அண்ணன். நான்தான் பெட்டிகளோடு காட்விக் விமான நிலையம் வரை ரயிலில் போனேன். உள்ளே போகுமுன் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவருக்குக் கோபமில்லை, பயம். எனக்கும்தான்.”

அவர் போன பிறகு அண்ணன் பஸ் ஓட்டும் ஷிப்டுகளைக் கூட்டி எடுத்துக்கொண்டார். ஓய்வு நேரமெல்லாம் காதில் அந்தத் தீவின் வானொலிதான். ஒரு சனிக்கிழமை நான் போயிருந்தபோது அண்ணி தனி நாட்டுப் பக்கத்துக்காக அதில் பேசிக்கொண்டிருந்தார், நேயர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நிகழ்ச்சி. அண்ணன் சட்டென்று போனை எடுத்து எண்ணை அழுத்தினார். “வேண்டாம் அண்ணை” என்றேன். கேட்கவில்லை. லண்டனிலிருந்து ஒரு நேயர் என்று மட்டும் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: நாளைக்கு இன்னொரு புயல் அடித்தால் நீங்கள் யாரைக் கூப்பிடுவீர்கள்?

அண்ணியின் குரல் நிதானமாக வந்தது. லண்டனையும் கூப்பிடுவோம், பக்கத்துத் தீவுகளையும் கூப்பிடுவோம். எசமானிடம் கேட்பதுபோல அல்ல, அயலவரிடம் கேட்பதுபோலக் கேட்போம். அவர்கள் வராமலும் போகலாம். அந்தப் பயம் எனக்கு இல்லையென்றால் பொய். அவ்வளவும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அந்தத் தீவில் வேறு ஒருவருக்கும் விளங்காத மொழியில் கேட்டார்: “இஞ்சேருங்கோ, சாப்பிட்டனீங்களோ?”

“ஓம்” என்று சொல்லிப் போனை வைத்தார் அண்ணன். அவர் சாப்பிட்டிருக்கவில்லை.

கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில் அண்ணியின் பக்கம் தோற்றது. தீவு இருந்தபடியே இருந்தது. அண்ணன் விரும்பியதும் அதுதான். அண்ணியைக் கூட்டிவர இந்த முறை அவரே காரை எடுத்தார். ஏதாவது குத்திச் சொல்லிவிடுவாரோ என்று நான் பின் சீட்டில் பதறிக்கொண்டிருந்தேன். பேர்லி என்ற ஊர் தாண்டிய பிறகுதான் அண்ணன் பேச்சை எடுத்தார்.

“வரிசையில கனபேர் நிண்டவையோ?” என்று கேட்டார்.

“பள்ளிக்கூடத்தில இருந்து கடற்கரை மட்டும்.”

“சண்டை ஒண்டும் வரேல்லையோ?”

“இல்லை. முடிஞ்ச பிறகு வெண்ட ஆக்களோட ஒண்டா இருந்து சாப்பிட்டனாங்கள்.” அண்ணி அழத் தொடங்கினார்.

அண்ணன் காரை ஓரமாக நிறுத்தினார். “எங்கட ஊரில எங்களை இப்பிடி ஒருத்தரும் கேக்கேல்லை” என்றார்.

இப்போது தீவில் மறுபடியும் வாக்கெடுப்புப் பேச்சு எழுந்திருக்கிறது. களைத்துவிட்டது, போவதா என்று தெரியவில்லை என்று போன வாரம் அண்ணி சொல்லிக்கொண்டிருந்தார்.

“போவம். இந்த முறை நானும் வாறன்” என்றார் அண்ணன்.

“உங்களுக்கு அங்கை வாக்கில்லையே, என்ன செய்யப் போறீங்கள்?”

“அந்த வரிசையைப் பாக்கவேணும்.” கொஞ்சம் பொறுத்து, “உமக்கு எதிராத்தான் கதைப்பன், இப்பவே சொல்லிப்போட்டன்” என்றார்.

அண்ணி சிரிக்கவில்லை. “வாங்கோ. வந்து கதையுங்கோ. அங்கை உங்களை ஆரும் தடுக்கமாட்டினம்” என்றார்.