மொச்சை உரித்த ஷிப்ட் வண்டி

கொஞ்சம் கிட்ட வந்து குந்துங்கள். இஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே தேய்ந்த தொண்டை இது, இப்போது எழும்ப மாட்டேன் என்கிறது. ஷிப்ட் வண்டி ஓட்டுகிறவனுக்கு ரோடு தெரிந்தால் மட்டும் போதாது. யார் வீட்டு அடுப்பு இன்றைக்கு லேட்டாகப் பற்றும் என்றும் தெரிய வேண்டும்.

பொன்னேரிக்கு அந்தாண்டை ஊர் ஊராக ஆள் ஏற்றி, ஏழு மணிக்குள் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வாசலில் இறக்குவது என் வேலை. இவர்களைப் பெற்றவர்கள் எல்லாம் நாற்று நட்டவர்கள், இவர்கள் மெஷின் பார்க்கிறார்கள். தலையைத் துவட்டிக்கொண்டே வண்டி பிடிக்க ஓடியவர் யாராவது இங்கே இருந்தால், நான் சொல்வது தானாகப் புரியும்.

பை இருந்தால் ஆள் இருக்கிறது

எங்கள் ரூட்டில் ஒரு வழக்கம். விடியும்போதே சாப்பாட்டுப் பையைக் கொண்டுவந்து ஸ்டாப்பில் இருக்கும் கல்லின் மேல் வைத்துவிட்டு, மறுபடி வீட்டுக்குப் போய்விடுவார்கள். குளிப்பார்கள், பிள்ளைக்குத் தலை வாருவார்கள். கல்லின் மேல் பை இருந்தால் நான் நிறுத்தி ஹாரன் அடிப்பேன். பை இல்லை என்றால் அன்றைக்கு ஆள் லீவு. போனில் கூப்பிட்டுச் சொல்லும் பழக்கம் அப்புறம் வந்ததுதான்.

நாகய்யா என்று ஒருவர். ஆந்திரா எல்லையில் ஆரம்பாக்கம் பக்கம் பிறந்து எங்கள் ரூட்டில் குடியேறியவர், பேச்சில் பாதி தெலுங்கு. வண்டியில் எல்லாருக்கும் அவர் நைனா. காலையில் எழுந்திருப்பது பேஜாராக இருக்கிறது என்று, முதல் நாள் ராத்திரியே பையை வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். நான் வந்து பார்த்தால் பை கிழிந்து கிடக்கிறது, டப்பா உருண்டு கிடக்கிறது, பக்கத்தில் ஒரு நாய் நாக்கைச் சுழற்றுகிறது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடி வந்து ஏறினார். முன் சீட்டில் இருந்த கலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சோத்த நாய் துன்னுச்சு, சரி நைனா. உன் டூட்டியையும் அதுவே பாத்துக்குமா?"

நாலு கை

கலாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்காரருக்கு முதுகு போய்விட்டது. பழைய வேலையில் மூட்டை தூக்கும்போது விழுந்தவர், அதன்பிறகு நிமிர்ந்து நிற்க முடியவில்லை. சமையல், தண்ணீர், பிள்ளைகள், எல்லாம் அவள்தான். கம்பெனியில் அவள் கான்ட்ராக்ட். அந்தத் தை மாதம் சிலரைப் பர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு. சூப்பர்வைசர் அவளிடம் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார்: ஏற்கெனவே ரெண்டு தடவை லேட்டு, இன்னொன்று விழுந்தால் பேர் மேலே போகாது.

அதற்காக அவள் தலையில் கை வைத்து உட்காரவில்லை. வீட்டில் முடியாத வேலையை வண்டிக்குக் கொண்டுவந்தாள். பச்சை மொச்சை கிடைக்கிற காலம். ஒரு பை நிறையக் காய் எடுத்து வந்து, ஏறுகிறவர் மடியில் எல்லாம் ஒரு கைப்பிடி போடுவாள். கம்பெனி வருவதற்குள் ராத்திரிக் குழம்புக்கு உரித்து முடிந்திருக்கும்.

நாகய்யா முணுமுணுத்தார். "இது இன்னா ஷிப்ட் வண்டியா, கல்யாண ஊட்டு சமையக்கட்டா?"

"கை சும்மா இருந்தா தூங்கிடுவ நைனா. தூங்குனா கொறட்டை வுடுவ. நாலு பேரு நிம்மதியா வரணும்ல, உரி."

கேட்டு

பனி மூட்டமான ஒரு நாள். ரயில்வே கேட்டுக்கு வந்தால், ஒரு கூட்ஸ் வண்டி குறுக்கே வந்து நின்றுவிட்டது. கோளாறாம். எப்போது நகரும் என்று கேட்கீப்பருக்கே தெரியவில்லை. கேட்டை ஒட்டிய ஸ்டேஷனில் நடைபாலம் இருக்கிறது, ஏறி அந்தாண்டை இறங்கலாம். இறங்கி? கம்பெனி வரை நடக்கிற தூரமா அது?

கலா மொச்சையைக் கீழே வைத்துவிட்டாள். அவள் கை சும்மா இருந்து அன்றுதான் பார்த்தேன்.

எங்கள் முதலாளிக்கு இன்னொரு வண்டி உண்டு. வேறொரு கம்பெனியில் ஆறு மணிக்கு நைட் ஷிப்ட் முடித்தவர்களை எங்கள் பக்கத்து ஊர்களில் கொண்டுவிடும். அதன் டிரைவர் செல்வத்துக்குப் போன் போட்டேன். அவனும் கேட்டில்தான் நிற்கிறானாம், ரயிலுக்கு அந்தாண்டை.

"அவரு வண்டியில கீறவங்க எங்கண்ணா போணும்?" என்றாள் கலா.

"நம்ம ஊருங்களுக்குத்தான்."

கீழே வைத்த மொச்சையை எடுத்துப் பையில் போட்டாள். அப்புறம் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "வண்டி எதுக்குண்ணா கேட்டத் தாண்டணும்? ஆளுங்க தாண்டுனா பத்தாதா?"

பாலத்துக்கு இந்தாண்டை

செல்வத்திடம் சொன்னேன். "சரிண்ணே, ஏறச் சொல்லு" என்றான். என் வண்டி ஆட்கள் மொத்தமும் பாலத்துப் படியேறி அவன் வண்டிக்குப் போனார்கள். அங்கிருந்து தூக்கக் கலக்கத்தில் ஒரு கூட்டம் இறங்கி வந்தது. ரெண்டு பேரும் வண்டியைத் திருப்பிக்கொண்டோம். கலா ஏழு அடிக்கும் முன்னால் கம்பெனிக்குள் கால் வைத்துவிட்டாள். அந்த மாதக் கடைசியில் அவள் பேர் மேலே போனது. இன்றைக்கு அவள் பர்மனென்ட். எனக்குத்தான் கண் மங்கி, வண்டியை விட்டுவிட்டேன். இப்போது ரோட்டில் கல்லைப் பார்த்தால் பையைத் தேடுகிறது கண்.

அன்றைக்கு என் வண்டியில் ஏறிய நைட் ஷிப்ட் ஆட்களில் முன்னால் வந்த அம்மாவின் தோளில் ஒரு பை. எனக்குத் தெரிந்த பை. முன் சீட்டில் உட்கார்ந்து அதைப் பிரித்தபடியே கேட்டார். "டிரைவரே, யாரு அந்தப் பொண்ணு? பாலத்து மேல என்னை நிறுத்தி, 'சும்மாதான போறீங்க, எல்லாருக்கும் ஒரு கை குடுத்து உரிச்சிக்கினே போங்கக்கா, டிரைவர் அண்ணன் எங்க ஊட்ல குடுத்துருவாரு'ன்னு சொல்லிட்டு ஓடுதே?"

ஆள் கம்பெனிக்குப் போனாள், அவள் பை மட்டும் முன்பின் தெரியாத ஒரு வண்டிக் கூட்டத்திடம் வேலை வாங்கிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு வந்து சேர்ந்தது.